சி.டி. டிரைவின் இரண்டு மணி நேரக் குத்தகை

ஓய்வு பெற்றவனுக்கு ஊரில் இரண்டு வகை அழைப்புகள் வரும். ஒன்று காதுகுத்து. மற்றது, "சார், ஒங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாமே" என்று தொடங்குவது. முதல் வகையில் சாப்பாடாவது நிச்சயம்.

நான் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கணினிப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். என் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பெரிய இயந்திரம் நின்றுபோனால் அதன் எந்த உறுப்பு கெட்டது என்று கண்டுபிடித்துச் சொல்வது. மாற்றுவது வேறு ஒருவர் வேலை. அதற்கு வருத்தப்படுவது மேலதிகாரி வேலை. கையேட்டில் உள்ள எல்லா நடைமுறைகளும் எனக்கு மனப்பாடம். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கக்கூட நான் வரிசை வைத்திருப்பதாக என் மனைவி சொல்லிக்கொண்டு திரிகிறாள். அது அவதூறு. சிலிண்டரை முதலில் திறக்க வேண்டும் என்பது நடைமுறை அல்ல, பௌதிகம்.

அன்றைய அழைப்பு இரண்டாம் வகை. ஆனால் தொடக்கம் வேறு மாதிரி இருந்தது.

"சார், நான் காலேஜ் ஆபீஸ்ல தேர்வுப் பிரிவு கண்காணிப்பாளர் பேசுறேங்க. திங்கக்கிழம எங்க கமிட்டி கூடுது. அதுக்குள்ள மிஷின்ல என்ன கோளாறுன்னு யாராச்சும் சொல்லலேன்னா, கோளாறு நான்தான்னு முடிவாயிரும்."

குன்றாண்டார்கோவில் போகும் சாலையில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. ஒரு கல்லூரி, ஓர் ஆஸ்பத்திரி, ஒரு மாணவர் விடுதி, மூன்றும் ஒரே வளாகம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே சர்வர். அந்தச் சர்வரில் கல்லூரியின் பகுதி மட்டும் தினமும் பதினோரு மணிவாக்கில் செத்துப்போகிறதாம். ஆஸ்பத்திரி ஓடுகிறது, விடுதி ஓடுகிறது, கல்லூரி மட்டும் படுத்துவிடுகிறது. அந்தக் கல்லூரிப் பகுதியில் அதிக நேரம் வேலை செய்வது இந்த அம்மா. ஆகவே குற்றவாளி யார் என்பதில் வளாகத்தில் இரண்டு கருத்து இல்லை.

"அப்படி நீங்கள் என்னதான் செய்வதாகச் சொல்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவங்க சார். அந்தக் காலத்துப் பழக்கம், கொஞ்சம் ஓங்கி அடிப்பேன். நான் அடிக்கிற அடி வயர் வழியாப் போயி சர்வர்ல விழுதாம்."

முப்பது ஆண்டுகளில் நான் கேட்ட காரணங்களிலேயே இது புதிது. இதற்காகவே போய் வரலாம் என்று தோன்றியது.

"விராலிமலைக் கிளைக்கு மாத்தப் போறாங்க சார். ரெண்டு பஸ் மாறணும். காலைல ஏழு மணிக்குக் கெளம்புனா வீடு திரும்ப ராத்திரி எட்டாயிரும். பொண்ணு இந்த வருசம் பன்னெண்டாவது. வீட்டுக்காரர் சார்ஜால இருக்காரு. நான் தொடாத ஒண்ணுக்கு நான் போகணுமா சார்?"

கடைசிக் கேள்வியைக் கேட்டபோது பின்னணியில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பேசிக்கொண்டே வேலையும் செய்கிறார். உண்மையிலேயே ஓங்கித்தான் அடிக்கிறார்.

வியாழக்கிழமை போனேன். அறக்கட்டளையின் செயலாளர் வாசல்வரை வந்து வரவேற்றார். வெள்ளை வேட்டி, பையில் மூன்று நிறத்தில் மூன்று பேனா.

"வாங்க சார், வாங்க. இங்கிட்டு வாங்க, ஏ.சி.க்கு நேரா உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா? மிஷினப் பாக்குறதுக்கு முன்னாடி நீங்க பத்திரத்தப் பாத்துரணும்."

"எந்தப் பத்திரம்?"

"சர்வரோட பத்திரம்தான்."

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். பெரிய சர்வர்களை மென்பொருளால் பல துண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். பெட்டி ஒன்றுதான். ஆனால் உள்ளே மூன்று இயந்திரங்கள் இருப்பதுபோல் நடக்கும். ஒவ்வொன்றும் தான் மட்டுமே அந்தப் பெட்டியில் குடியிருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். ஒன்றை அணைத்தாலும் மற்ற இரண்டும் ஓடும். இதற்குத் தொழிலில் பார்ட்டிஷன் என்று பெயர்.

சர்வரை நிறுவ வந்த பொறியாளர் கிளம்பும்போது, "சார், மூணா பார்ட்டிஷன் பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். செயலாளர் இந்தப் பதவிக்கு வருவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நெடுங்காலம் பத்திரம் எழுதியவர். பார்ட்டிஷன் என்ற சொல் அவர் காதில் விழுந்தால் ஒரே ஒரு பொருள்தான்.

"எழுத்துல இல்லாத பாகப்பிரிவினை என்னைக்குச் சார் நின்னிருக்கு? நாளைக்குப் பின்ன ஆஸ்பத்திரிக்காரன் வந்து, எம் பங்கு எங்கன்னு கேட்டா நான் எதக் காட்டுறது?"

ஆகவே பத்திரத்தாளில் எழுதியிருந்தார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். 'வடக்கே ஏ.சி. இயந்திரம், தெற்கே யு.பி.எஸ்., கிழக்கே சுவர், மேற்கே கதவு, இந்நான்கெல்லைக்குள் அமைந்த கறுப்பு நிற இரும்புப் பெட்டி ஒன்று' என்று தொடங்கியது. 'அ' ஷெட்யூல் கல்லூரிக்கு, 'ஆ' ஷெட்யூல் ஆஸ்பத்திரிக்கு, 'இ' ஷெட்யூல் விடுதிக்கு. நினைவகம், டிஸ்க், அட்டைகள் எல்லாம் முறையாகப் பங்கிடப்பட்டிருந்தன. சி.டி. டிரைவ் ஒன்றுதான் இருந்ததால் அது ஆஸ்பத்திரிக்கு, 'சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது' என்று எழுதப்பட்டிருந்தது. மின்விசிறிகளும் காற்றுப் போகும் வழியும் 'மூன்று பங்குதாரர்களுக்கும் பொதுவில் விடப்பட்டது.'

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எழுதியிருந்தார். இயந்திரத்தோடு வந்த கையேட்டைவிட இது தெளிவு.

"தீர்மானமும் போட்டாச்சு" என்று இன்னொரு தாளை நகர்த்தினார். 'சர்வர் கோளாறுக்குக் காரணம் எனக் கண்டறியப்படும்' என்று எழுதி, அப்புறம் ஒரு புள்ளிக்கோடு, அதன் பின், 'நிர்வாக நலன் கருதி விராலிமலைக் கிளைக்கு உடனடியாக இடமாற்றம் செய்யத் தீர்மானிக்கப்பட்டது.' கமிட்டி உறுப்பினர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"பேரு எழுதுற எடம் மட்டும் காலியா இருக்கு சார். நான் அவசரப்பட மாட்டேன். நீங்க பாத்துச் சொல்லுங்க. மிஷின் சுத்தம்னா அப்பறம் பேரு எழுதிருவேன். திங்கக்கிழம கமிட்டியில வச்சுருவோம்."

கண்காணிப்பாளர் அம்மா கதவருகே நின்றிருந்தார். அந்தப் புள்ளிக்கோட்டைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இப்போது என் தொழிலைப் பற்றி ஒரு பத்தி. இயந்திரம் சந்தேகத்துக்கு இடமாக நடந்துகொண்டால், அதன் அன்றாட மென்பொருளை முழுவதும் நிறுத்திவிட்டு, ஒரு குறுந்தட்டிலிருந்து மட்டும் அதை எழுப்பி, ஒவ்வோர் உறுப்பாகச் சோதிக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டுச் சுவரை மட்டும் தட்டிப் பார்ப்பதைப் போல. இதற்கு ஸ்டாண்ட்அலோன் சோதனை என்று பெயர். என் பணிக்காலத்தில் இதை எத்தனை முறை செய்திருப்பேன் என்று கணக்கில்லை. தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் செய்வேன் என்று சொல்லிக்கொள்வது உண்டு. அன்று ஏறக்குறைய அப்படித்தான் செய்தேன்.

தட்டைப் போட்டேன். கட்டுப்பாட்டுத் திரையில் எந்தப் பகுதியிடம் டிரைவ் இருக்கிறது என்று பார்த்தேன். ஆஸ்பத்திரி. அந்தப் பகுதியை நிறுத்தச் சொன்னேன். ஆஸ்பத்திரி அலுவலர் வந்து, தனக்குச் சொந்தமான எதையோ யாரோ தொடப் போகிறார்கள் என்ற முகத்தோடு நிறுத்தினார். நோயாளிகளுக்கு அரை நாள் கையால் சீட்டு எழுதினார்கள். தட்டிலிருந்து இயந்திரத்தை எழுப்பி, பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, சோதனையை ஓடவிட்டு, டீ குடித்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரை சொன்னது: கோளாறு எதுவும் காணப்படவில்லை.

நானும் அதையே உரக்கச் சொன்னேன். கொஞ்சம் கம்பீரமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

செயலாளர் நீலப் பேனாவை எடுத்தார்.

"சார், ஒரு சந்தேகங்க" என்றார், அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்த அந்த அம்மா. "நீங்க டெஸ்ட் பண்ணும்போது மிஷின்ல வேற எதுவும் ஓடக் கூடாதுதானுங்களே?"

"கூடாது. அதுதான் இந்தச் சோதனையின் அடிப்படை."

"நான் அப்பயிருந்து உக்காந்து மார்க்கு ஏத்திக்கிட்டு இருக்கேன் சார். மூணாம் செமஸ்டர் முடிச்சுட்டேன்."

நான் திரும்பித் திரையின் தலைப்பைப் பார்த்தேன்: ஆஸ்பத்திரி.

"ஆஸ்பத்திரிக்கு நாடி பாத்துட்டு, எனக்குக் காச்சல் இல்லைன்னு எழுதிக் குடுக்குறீங்களே சார்."

என் காலத்தில் ஓர் இயந்திரம் என்றால் ஓர் இயந்திரம். தட்டைப் போட்டு எழுப்பினால் முழுப் பெட்டியும் சோதனைக்கு வந்துவிடும். பிரிக்கப்பட்ட சர்வரில் அப்படி இல்லை. எந்தப் பகுதியில் சோதனை ஓடுகிறதோ, அந்தப் பகுதிக்கு எழுதிவைத்த உறுப்புகளை மட்டும்தான் அது பார்க்கும். பக்கத்துப் பங்கு தீப்பற்றி எரிந்தாலும் 'கோளாறு எதுவும் காணப்படவில்லை' என்றுதான் சொல்லும். இதுவும் கையேட்டில் இருக்கிறது. நான் படித்த பதிப்புக்கு அடுத்த பதிப்பில் இருக்கிறது.

நான் சொன்னது இதுதான்: "சரியாகக் கவனித்தீர்கள் அம்மா. இது முதற்கட்டம்." இரண்டாம் கட்டம் என்று ஒன்று உண்டு என்பது அந்த வினாடிவரை எனக்கே தெரியாது.

செயலாளர் பேனாவை மூடினார். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நன்றி கொஞ்சம்தான் இருந்தது.

இரண்டாம் கட்டம் எளிது. கல்லூரிப் பகுதியைத் தட்டிலிருந்து எழுப்ப வேண்டும். அதற்கு டிரைவ் கல்லூரியிடம் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுத் திரையில் ஒரு பெயரை எடுத்து இன்னொரு பெயருக்குக் கீழே போட்டால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை. திரையில் இரண்டு நிமிடம். வளாகத்தில் இரண்டு நாள்.

"டிரைவு எங்க பாத்தியங்க சார்" என்றார் ஆஸ்பத்திரி அலுவலர்.

"இரண்டு மணி நேரத்துக்கு மட்டும்தான் கேட்கிறேன்."

"குடுத்தா அப்பறம் திரும்ப வராது சார். போன வருசம் எங்க ஸ்டெப்ளர வாங்குனாங்க. இன்னைக்கு வரைக்கும் காலேஜ்லதான் இருக்கு."

"அது ஒடஞ்ச ஸ்டெப்ளருங்க" என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

"வாங்கும்போது ஒடையலையே மேடம்."

"சரி, அந்த டிரைவை நீங்கள் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எக்ஸ்ரே சி.டி. பாக்க."

"கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"

"பாக்கலைன்னா பாத்தியம் போயிருமா சார்? தரிசாப் போட்டாலும் எங்க நெலம் எங்க நெலம்தான்."

சர்வரில் உள்ள டிரைவில் எக்ஸ்ரே தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. தெரியாது என்று தெரிந்தபின் அவர் இன்னும் உறுதியாகப் பிடித்துக்கொள்வார் என்று தோன்றியது.

செயலாளர்தான் வழி கண்டுபிடித்தார். பாத்தியம் மாறக் கூடாது, அனுபவம் மட்டும் மாற வேண்டும். அதற்கு அவருக்குத் தெரிந்த கருவி ஒன்றே ஒன்று. இழுப்பறையிலிருந்து தாள் எடுத்தார். அவர் கண்ணில் ஓர் ஒளி வந்தது. பழைய தொழிலைக் கையில் எடுக்கிற யாருக்கும் வருகிற ஒளிதான். அன்று காலை எனக்கும் வந்திருக்கும். விளைவு மேலே சொல்லப்பட்டிருக்கிறது.

'மேற்படி சி.டி. டிரைவைக் குத்தகைதாரர் இரண்டு மணி நேரம் அனுபவித்துக்கொள்ள வேண்டியது. உள்குத்தகை விடக் கூடாது. உருமாற்றம் செய்யக் கூடாது. காலக்கெடு முடிந்ததும் எவ்விதத் தாவாவும் இன்றிக் காலி செய்து சுவாதீனம் ஒப்படைக்க வேண்டியது.' சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். செயலாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரைவரை ராகுகாலம். குத்தகை பத்தரை முதல் பன்னிரண்டரை என்று எழுதப்பட்டது. ஆஸ்பத்திரி அலுவலரும் கண்காணிப்பாளர் அம்மாவும் கையெழுத்திட்டார்கள். நான் சாட்சி. என் முப்பது ஆண்டுப் பணியில் ஒரு டிரைவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது அதுவே முதல் தடவை.

சனிக்கிழமை பத்து மணிக்கே நான்கு பேரும் சர்வர் அறையில் கூடிவிட்டோம். இரண்டு நாற்காலி. செயலாளரும் நானும் உட்கார்ந்தோம். பத்தரைக்கு அந்த அம்மா தன் பகுதியைத் தானே நிறுத்தினார். நான் திரையில் டிரைவை எடுத்துக் கல்லூரிக்குக் கீழே வைத்தேன்.

"எப்பச் சார் கழட்டுவீங்க?" என்று கேட்டார் ஆஸ்பத்திரி அலுவலர்.

"கழற்றியாயிற்று."

"அங்கனயேதான் இருக்கு?"

"இருக்கும். ஆனால் இப்போது கல்லூரியுடையது."

அவர் குனிந்து டிரைவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணெதிரே பட்டா மாறிய நிலத்தின் வரப்பில் நிற்பவரைப் போல.

தட்டு மெதுவாகச் சுற்றியது. இந்தச் சோதனைத் தட்டு எழுந்து வருவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பொன்னமராவதி போய் வந்துவிடலாம் என்று பணிக்காலத்தில் சொல்வோம். ஒருவழியாகப் பட்டியல் வந்தது. இம்முறை ஒவ்வொரு வரியையும் விரலை வைத்துப் படித்தேன். எல்லாம் 'அ' ஷெட்யூல். தேர்ந்தெடுத்து ஓடவிட்டேன்.

பதினொன்றேகாலுக்கு முதல் சுற்று முடிந்தது. கோளாறு எதுவும் காணப்படவில்லை.

செயலாளர் சட்டைப் பையில் நீலப் பேனா இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அந்த அம்மாமீது கோபம் ஏதும் இல்லை. காலியாக இருக்கும் புள்ளிக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான்.

அந்த அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"சார், நான் பத்து மணிக்குப் பிரிண்ட் போட ஆரம்பிப்பேன். பதினோரு மணிக்குத்தான் விழும். அது ஓடி ஓடி ஒரு மணி நேரம் ஆனாத்தான் விழும் சார். நீங்க ஓடவே விடலையே."

நியாயம். சூடேறினால் மட்டும் தவறுகிற உறுப்புகள் உண்டு. அதற்காகவே நிறுத்தாமல் திரும்பத் திரும்ப ஓடவிடும் வழியும் கையேட்டில் உண்டு, நான் படித்த பதிப்பிலேயே. அதைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று. செயலாளர் தினசரியை விரித்தார். ஆஸ்பத்திரி அலுவலர் நின்றபடியே டீயை மறுத்தார்.

பன்னிரண்டு. கோளாறு எதுவும் காணப்படவில்லை.

பன்னிரண்டு பத்து. அதே.

"சார், இருவது நிமிசந்தான் இருக்கு" என்றார் ஆஸ்பத்திரி அலுவலர்.

"எனக்கும் கடிகாரம் இருக்கிறது."

"சொல்லிவைக்கிறேன் சார். அப்பறம் ஆள் வச்சுக் காலி பண்ண வேண்டியதாப் போயிரக் கூடாது பாருங்க."

"அண்ணே, ஒங்க டிரைவ யாரும் கூட்டிக்கிட்டு ஓடிர மாட்டாங்க, சும்மா இருங்க" என்றார் அந்த அம்மா. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், நாற்காலி முதுகில் இரு கைகளின் விரல்களாலும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான். ஹையர் என்றால் என்ன என்று என் முதுகெலும்புக்கு அன்று தெரிந்தது. வளாகத்தின் கோட்பாட்டில் ஏதோ இருக்கத்தான் செய்கிறதோ என்று ஒரு கணம் சந்தேகம்கூட வந்தது.

பன்னிரண்டு இருபத்துநான்குக்குத் திரை மாறியது. நீண்ட எண் ஒன்று. அதன் கீழே, கோளாறு காணப்பட்டது என்ற வரி. அதற்கும் கீழே இடம்: மூன்றாம் ஸ்லாட், டிஸ்க் கன்ட்ரோலர் அட்டை. கல்லூரியின் டிஸ்க்குகளோடு பேசுகிற அட்டை; ஸ்லாட் என்பது அது செருகியிருக்கிற இடம்.

முதுகில் தட்டுவது நின்றது. திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தூசி சார்" என்றார்.

அவர் சும்மா சொன்னார். ஆனால் பெட்டியின் முன்கதவைத் திறந்தபோது அதுவே உண்மையாக இருந்தது.

முன்பக்கக் கம்பிவலையில் செல்லோடேப்பால் இரண்டு கோடுகள் ஒட்டி, மூன்று எல்லை போட்டிருந்தார்கள். பார்ட்டிஷன் என்றால் உள்ளே தடுப்பு இருக்கும் என்று எண்ணி, வெளியே அடையாளம் வைத்திருக்கிறார்கள். கல்லூரிப் பங்கு பளபளவென்று இருந்தது. ஆஸ்பத்திரிப் பங்கில் டெட்டால் வாசனை அடித்தது. விடுதிப் பங்கு சுமார். ஒவ்வொரு பிரிவின் உதவியாளரும் தினமும் வந்து தன் பங்கை மட்டும் துடைத்துவிட்டுப் போவாராம். பெட்டியின் அடியில், எல்லைகளுக்கு வெளியே, மின்விசிறிகள் காற்றை இழுக்கும் நீளமான வலை ஒன்று இருந்தது. அதில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. உருவி எடுத்தால் ஒரு குழந்தைக்குக் குல்லாய் பின்னலாம். அதற்கு நேர் மேலே மூன்றாம் ஸ்லாட்.

"இதை ஏன் யாருமே துடைக்கவில்லை?" என்று கேட்டேன்.

செயலாளர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அது பொது சார்" என்றார்.

ஆஸ்பத்திரி அலுவலர் கடிகாரத்தைக் காட்டினார். பன்னிரண்டரை. டிரைவைத் திரையில் அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் மறுபடி குனிந்து தொட்டுப் பார்த்து, "சூடா இருக்கு சார்" என்று குற்றம் சாட்டினார். எடுத்தபடி ஒப்படைக்கவில்லை என்று பத்திரத்தில் ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். எழுதினோம்.

பிறகு அறிக்கை. அதற்கும் செயலாளர் படிவம் வைத்திருந்தார். முதல் பத்தியில் கோளாறின் தன்மை. இரண்டாவது, 'காரணமானவர் பெயர், பதவி, பணியிடம்.'

இங்கே நான் கொஞ்சம் தயங்கியதை ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மையில் காரணம் அந்தக் கம்பளி. கம்பளிக்குக் காரணம் 'பொதுவில் விடப்பட்டது' என்ற சொற்றொடர். அதற்குக் காரணம் எதிரே உட்கார்ந்து எனக்கு இரண்டாவது டீ சொல்லிக்கொண்டிருந்தார். அதை எழுதினால் திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று கணித்துப் பார்த்தேன். அவர் தன் பெயரைத் தானே புள்ளிக்கோட்டில் எழுதிக்கொள்ளப் போவதில்லை. மறுபடி விசாரணை, மறுபடி சந்தேகம், மறுபடி அந்த அம்மாவின் விரல்கள். கையேட்டின்படி சோதனை எந்த உறுப்பைச் சுட்டுகிறதோ அதைத்தான் எழுத வேண்டும். கருத்து எழுதக் கூடாது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையேட்டின் கோழைத்தனம் எனக்குப் பயன்பட்டது.

பெயர்: டிஸ்க் கன்ட்ரோலர். பதவி: அட்டை. பணியிடம்: மூன்றாம் ஸ்லாட்.

கீழே கையெழுத்துப் போட்டேன். செயலாளர் அதைப் படித்தார். தீர்மானத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், இதுல ஒரு சிக்கல் இருக்கு."

"என்ன?"

"தீர்மானத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. காரணம்னு கண்டுபிடிச்சது எதுவோ, அது விராலிமலைக்குப் போகணும். ரத்துப் பண்ணணும்னா திங்கக்கிழம முழுக் கமிட்டியும் இருக்கணும், ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டுட்டுத் துபாய் போயிட்டாங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். செயலாளர் இருவரையும் பார்க்கவில்லை. நீலப் பேனாவைத் திறந்து, அழகான கையெழுத்தில், புள்ளிக்கோட்டின்மேல் 'டிஸ்க் கன்ட்ரோலர் அட்டை, மூன்றாம் ஸ்லாட்' என்று எழுதினார். 'எனக் கண்டறியப்படும்' என்பதற்கும் 'நிர்வாக நலன் கருதி' என்பதற்கும் நடுவே அது கச்சிதமாகப் பொருந்தியது.

"ஆர்டர டைப் பண்ணிருங்கம்மா" என்றார்.

அவர் சிரிக்கவே இல்லை. இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, அவர் விளையாடினாரா, நடைமுறையைத்தான் பின்பற்றினாரா என்று. நடைமுறை தெரிந்தவர்களிடம் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். என் மனைவிக்கும் இதே புகார் உண்டு.

அடுத்த அறையிலிருந்து தட்டச்சுச் சத்தம் கேட்டது. மேசை குலுங்கியது. அத்தனை உற்சாகமாக யாரும் ஓர் இடமாற்ற ஆணையைத் தட்டச்சு செய்து நான் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை நிறுவனத்திலிருந்து ஆள் வந்து புது அட்டையைப் போட்டு, அடிவலையையும் சுத்தம் செய்துவிட்டுப் போனார். பழைய அட்டையைத் தாங்கள் எடுத்துப் போவதுதான் வழக்கம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அதற்கு ஆணை பிறந்துவிட்டது என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். பொதுப் பகுதியை யார் துடைப்பது என்பதற்கு மூன்று பிரிவுக்கும் வாரம் ஒருவராக முறை வைத்து ஒரு துணைப் பத்திரம் எழுதப்பட்டது. பழைய அட்டை ஒரு சேலைப் பெட்டியில் வைக்கப்பட்டு, பணி விடுவிப்பு ஆணையுடன் கல்லூரி வேனில் விராலிமலைக்குப் போனது.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா போன் செய்தார்.

"சார், விராலிமலையிலேருந்து ஜாயினிங் ரிப்போர்ட் வந்துருக்குங்க. படிக்கிறேன், கேளுங்க. 'மேற்படி அட்டை இன்று முற்பகல் இக்கிளையில் பணியில் சேர்ந்தது. அன்னாருக்கு இருக்கை ஒதுக்கப்பட்டுள்ளது.'"

"எங்கே ஒதுக்கினார்களாம்?"

"எனக்குன்னு போட்டு வச்சிருந்த மேசையிலதான் சார். அங்க இருக்குற கிளார்க்கு சொன்னாரு, நல்ல மாதிரியாம், சத்தமே போடுறதில்லையாம்."

சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கும்தான். பின்னணியில் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"மணி என்ன அம்மா?" என்று கேட்டேன்.

"பதினொண்ணே முக்கால் சார். இன்னம் நூறு ஹால் டிக்கெட் இருக்கு, வச்சுருறேங்க" என்று சொல்லி, ஓங்கி ஒரு என்டர் அடித்தார்.